முப்பத்தேழாம் நம்பர் கால்

ஐரோப்பாவில் பாதிப் பெண்கள் நடப்பது எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருக்கும் சம்பூர்ணத்தின் காலால்தான். பாதி என்பது ஜாஸ்தி என்று எனக்கே தெரியும்; பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஆதாரம் கேட்கிறவர்களுக்கு இப்படிச் சொல்கிறேன்: பனி கொட்டுகிற ஏதோ ஓர் ஊரில், ரயிலுக்கு நேரமாகிவிட்ட ஒருத்தி படியேறி ஓடுகிறாள். அவளுடைய ஷூ அவளைக் கடிக்கவில்லை. ஏன் கடிக்கவில்லை? அந்த ரகத்தில் பிறந்த முதல் ஜோடியை ஆம்பூரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்து, "இந்த எடத்துல கடிக்குது" என்று சம்பூர்ணம் சொல்லிவிட்டாள். இந்த அளவில் பொய் கிடையாது.

ஷூ கம்பெனிகளில் சாம்பிள் ரூம் என்று ஒன்று உண்டு. வெளிநாட்டு ஆர்டர் கைக்கு வருமுன் ஒரே ஒரு ஜோடி செய்து காட்ட வேண்டும். சம்பூர்ணத்தின் கம்பெனியில் பெண்கள் ஷூ என்றால் அந்த ஒரு ஜோடி முப்பத்தேழாம் நம்பரில்தான் இருக்கும். அதைப் போட்டுப் பார்க்க அச்சாக முப்பத்தேழாம் நம்பர் கால் ஒன்று வேண்டுமே. கால் எல்லோருக்கும் இருக்கிறது. நீளம் சரியாக இருந்தால் அகலம் இடிக்கும், அகலம் சரியாக இருந்தால் மேல்வளைவு உயர்ந்து நிற்கும். எல்லாம் கூடி வந்த கால் ஊருக்கு ஒன்றோ இரண்டோதான்.

சம்பூர்ணம் திமிரிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி ஆம்பூர் வந்தாள். கணவன் சம்பத் தோல் மண்டிக்கு லாரி ஓட்டினான். அவள் ஷூ கம்பெனியில் பசை தடவும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு நாள் குழாயடியில் அவள் காலைக் கழுவிக்கொண்டிருந்ததை அப்போதிருந்த மாஸ்டர் பார்த்துவிட்டு, "காலை நீட்டும்மா" என்றாராம். அவள் மிரண்டுபோய், "கழுவிட்டுத்தான் சார் வர்றேன்" என்றாளாம். அளந்தார்கள். அட்டவணையில் அச்சடித்தபடியே இருந்தது. அன்றைக்கே பசை டப்பாவிலிருந்து நாற்காலிக்கு மாற்றிவிட்டார்கள். அப்புறம் கம்பெனியில் அவளுக்குப் பெயரே போய்விட்டது. "முப்பத்தேழு அக்கா எங்க?" என்றுதான் தேடுவார்கள்.

அந்தக் காலை அவள் காப்பாற்றி வைத்த விதம் பற்றி நான் தெருவில் நிறையக் கதை விட்டிருக்கிறேன். ஒருமுறை நாய் துரத்தியபோது காலைக் கொடுக்காமல் கையைக் கொடுத்தாள் என்று சொல்லியிருக்கிறேன். கையில் இருக்கும் தழும்பு குக்கர் ஆவி பட்டது. தீமிதிக்கு வேண்டிக்கொள்ளச் சொன்ன நாத்தனாரிடம், "காலை மட்டும் கேக்க வேணாம்னு அம்மன்கிட்ட சொல்லிடுங்க, மொட்ட வேணா போட்டுக்கறேன்" என்றாளே, அது மட்டும் நிஜம். நான் காதால் கேட்டேன்.

சம்பத் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் சத்தம் குறைந்தது. மகன் ஹேமந்த் மஸ்கட்டுக்குப் போன பிறகு சத்தமே இல்லை. வெள்ளிக்கிழமை போன் வரும். "சாப்டியாம்மா?" "சாப்ட்டேன்பா." "சரி, வெச்சிடறேன்." அவ்வளவுதான். பையன் மேல் குறை சொல்ல முடியாது. கேட்டதற்கு மேல் இவளும் பதில் சொல்ல மாட்டாள். காலையில் ஒரு தரம் சோறு வடித்தால் ராத்திரிக்கும் அதுவே. தக்காளியை எண்ணிக் கையில் வாங்கி வருவாள், பை கொண்டு போக மாட்டாள்.

நாற்காலி மட்டும் வேறு. ஷூவுக்கு மாதிரி வெட்டுகிற இப்போதைய பேட்டர்ன் மாஸ்டர் காஷிஃப் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்காருவான். ஷூவை மாட்டிவிட்டுக் கட்டைவிரலால் முன்பக்கம் அழுத்துவான். "அக்கா, எங்க இடிக்குது?" என்று கேட்பான். கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருப்பான். அவள் கண்ணை மூடி யோசிப்பாள். "எடது சுண்டுவெரல் ஓரத்துல, ஒரு நூலளவு." அவன் பென்சிலால் குறி போடுவான். ஞாயிறு முழுக்க யாருடனும் பேசாமல் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை அவள் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு 'சுண்டுவெரல்' என்பதுதான் என்று காஷிஃப் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் முன்கட்டில்தானே இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை ஒரு குரல் கொடுத்திருக்கலாம்.

அந்த ரூமில் ஒரு வழக்கம். சந்தேகம் வந்தால் அளவு டேப்பைத் தேட மாட்டார்கள், சம்பூர்ணத்தைத் தேடுவார்கள். டேப் ஒன்று சொல்லி அவள் வேறொன்று சொன்னால் டேப்பைத்தான் மாற்றுவார்கள். இத்தனை வருஷத்தில் ஆயிரம் ஷூவை அந்தக் காலுக்கு வைத்துப் பார்த்தார்களே தவிர, அந்தக் காலை யாரும் மறுபடி அளந்ததில்லை.

போன வருஷம் ஒரு சாயங்காலம் அவள் அன்னக்கூடையில் உப்புத் தண்ணீர் ஊற்றிக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரல் மூட்டு சிவந்திருந்தது.

"இன்னாடி ஆச்சு?"

"யார்கிட்டயும் சொல்லாதீங்க டீச்சர். கால் பரந்துடுச்சு."

வயசானால் பாதம் தட்டையாகி நீளும், அகலும். எனக்கும் ஆனதுதான், நான் பெரிய செருப்பு வாங்கினேன், விஷயம் முடிந்தது. அவளுக்கு அது பிழைப்பு. முப்பத்தேழு அவளை இறுக்க ஆரம்பித்து நாளாகிவிட்டது.

"அப்ப காஷிஃப் கேக்கறப்ப இன்னா சொல்ற?"

"பழைய கால் இன்னா சொல்லியிருக்குமோ, அத்த நெனச்சிப் பாத்து சொல்லிடறேன்."

என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. இப்படி ஒரு திருட்டுத்தனம் உலகத்தில் எவளாவது செய்திருப்பாளா? இறுக்குகிற இடத்தையெல்லாம் கழித்துவிட்டு, பத்து வருஷத்துக்கு முந்தைய கால் எங்கே வலிக்கும் என்று யோசித்து, அந்த வலியைச் சொல்வது! அதில் தப்பும் வரவில்லை. போன ஷூவெல்லாம் சரியாகத்தான் போயிற்று.

"உண்மைய சொல்லிட்டு வேற வேல கேளேன்."

அவள் காலைத் துடைத்துக்கொண்டே, "சொல்லிட்டு, திங்கக்கெழம எங்க போய் உக்கார்றது டீச்சர்?" என்றாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ரோஜா நிற ஷூ வந்தது.

கம்பெனியைப் பார்த்துக்கொள்ளும் தன்சீல் அகமது ஒரு நாள் சின்ன அட்டைப் பெட்டியோடு சாம்பிள் ரூமுக்கு வந்தார். உள்ளே ஒரு ஜோடி. தோல் இல்லை, பளபளவென்று சாட்டின் துணி. கணுக்காலில் கட்ட நாடா. அடியில் மட்டும் நாக்கு மாதிரி ஒரு தோல் துண்டு. முன்பக்கம் கொட்டாங்குச்சி மாதிரி கெட்டி, நுனி வெட்டிவிட்ட மாதிரி தட்டை. பாலே என்று ஒரு ஆட்டம் இருக்கிறது, அதை ஆடுகிற பெண்கள் கால் விரல் நுனியில் நிமிர்ந்து நிற்பார்கள், அதற்கான பாயின்ட் ஷூ இது என்று தன்சீல் பாய் விளக்கினார். இதைப் போல ஒன்று சரியாகச் செய்து காட்டினால் வெளிநாட்டு ஆள் தொடர்ந்து ஆர்டர் தருவானாம்.

ரூமைப் பெருக்கிக்கொண்டிருந்த முனியம்மா ஷூவின் முனையைத் தட்டிப் பார்த்தாள். "இன்னா பாய் இது, இத்தப் போட்னு எப்டி நடக்கறது?"

"நடக்கறதுக்கு இல்லம்மா. நிக்கறதுக்கு."

"நிக்கறதுக்கு ஷூவா? அப்ப ரேஷன் கடை லைனுக்கு நல்லா இருக்கும்."

காஷிஃப் ஒரு ஷூவைப் பிரித்துப் பார்த்தான். துணி, காகிதம், பசை, மறுபடி துணி என்று அடுக்கடுக்காக ஒட்டிக் காய வைத்து அந்த முனையைக் கெட்டியாக்கியிருந்தார்கள். கூடவே கால் அளவு அட்டவணை ஒன்றும் வந்திருந்தது. அட்டவணையை நம்பி வேலை ஆரம்பிக்கிற பழக்கம் அந்த ரூமில் கிடையாதே. "மொதல்ல அக்கா கால்ல எடுத்துக்கலாம்" என்றான்.

காலுக்குப் பாலிதீன் உறை போட்டு, மேலே ஒட்டுகிற காகித டேப்பைச் சுற்றி, கத்தியால் கீறி எடுப்பார்கள். காலுக்கு ஒரு சட்டை தைத்த மாதிரி முழுசாக வரும். அதை வைத்துத்தான், ஷூவை மேலே ஏற்றித் தைக்கிற கால் அச்சு செய்வார்கள். ஷூவைப் போட்டுப் பார்க்கும்போது பழைய காலை நினைத்துப் பதில் சொல்லிவிடலாம். டேப்புக்கு என்ன பதில் சொல்வது? அது இப்போதிருக்கிற காலை அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. சம்பூர்ணம் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். "டேப் இறுக்குதா அக்கா?" என்றான் காஷிஃப். "இல்லப்பா" என்றாள். அவன் கேட்டதற்கு அது சரியான பதில்தான்.

போட்டு நின்று பார்க்க ஆடத் தெரிந்த ஆள் வேண்டும். வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு பெண் கிடைத்தாள். பெயர் ஜெஸி. அப்பா எலியாஸ் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவர். ஜெஸி பெங்களூரில் பல வருஷம் பாலே கற்றவள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திரும்பி வந்து, மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட ஹாலில் முதல்முறையாகத் தானே தனியாக ஆடப்போகிறாள். அதற்கு ஷூ இல்லை. போனில் பார்த்து வரவழைத்ததெல்லாம் ஒன்று இறுகுமாம், ஒன்று தொளதொளவாம். போட்டுப் பார்த்து வாங்க வேலூரில் கடை ஏது? சாம்பிள் பார்க்க வந்தால் ஒரு ஜோடி அவளுக்கே என்று தன்சீல் பாய் சொன்னதும் சனிக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டாள். அவளுக்கும் முப்பத்தேழுதான்.

காஷிஃப் வழக்கப்படி முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டிருந்தான். ஜெஸி மாட்டியதும் தடவிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, முன்னாடி இவ்ளோ எடம் இருக்கே?"

"இருக்கணும்மா," என்றாள் சம்பூர்ணம். "எடம் வுடலன்னா நகம் போய்டும். எந்த ஷூவுக்கும் அதான்."

"நடக்கற ஷூவுக்கு ஓகே ஆன்ட்டி. இதுல எடம் இருந்தாத்தான் நகம் போகும். பாருங்க." ஜெஸி மேஜையைப் பிடித்துக்கொண்டு நுனிவிரலில் எழும்பினாள். ஏறிய வேகத்தில் முகம் சுளித்து இறங்கினாள். "லிஃப்ட் கயிறு அறுந்த மாதிரி கால் உள்ள எறங்குது. மொத்த வெயிட்டும் கட்டைவிரல் மேல வந்து உக்காந்துடுது."

காஷிஃப் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். சாதாரணமாக நிற்கும்போது எல்லா விரலும் மடங்காமல் நீளமாக இருந்து, நுனி மட்டும் முன்சுவரைத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் இன்னும் கொஞ்சம் அழுந்த வேண்டும், ஆனால் விரல் சுருளக் கூடாது. பக்கவாட்டில் கைகொடுத்துப் பிடித்த மாதிரி இருக்க வேண்டும். அந்தப் பிடியில்தான் உடம்பே மேலே நிற்கிறது. விரல்கள் முளைக்கிற இடம் துணிக்குள் மறைந்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் தகடு உள்ளங்கால் வளைவோடு ஒட்டி வளைய வேண்டும், முறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. கடைசியாக, நுனியில் ஏறி நிற்கும்போது குதிகாலில் துணியைக் கிள்ளினால் ஒரு சிட்டிகைதான் கைக்கு வர வேண்டும்.

"உப்பு போடற சிட்டிகையா, சக்கரை போடற சிட்டிகையா?" என்றாள் முனியம்மா.

"உப்பு" என்றாள் ஜெஸி, சிரிக்காமல்.

அடுத்த வாரத்துக்குள் காஷிஃப் முன்னால் இருந்த இடத்தை எடுத்துவிட்டான். ஜெஸி வந்து மாட்டினாள். விரல் நுனி தொட்டது. எழும்பினாள். பழையபடி உள்ளே சரிந்தது. நீளம் குறைந்ததே தவிர அந்தக் கெட்டி முனை அகலமாகத்தான் இருந்தது. பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்கவில்லை.

"அச்சு முப்பத்தேழு. உன் காலும் முப்பத்தேழு. அப்றம் எப்டிம்மா லூசாவும்?" என்று காஷிஃப் மண்டையைச் சொறிந்தான். பசையைச் சொன்னான், துணி இழுவையைச் சொன்னான், மழை ஈரத்தைக்கூடச் சொன்னான். அச்சு எந்தக் காலில் எடுத்ததோ அந்தக் காலைச் சொல்ல அவனுக்குத் தோன்றவே இல்லை. மூலையில் நாற்காலியில் சம்பூர்ணம் உட்கார்ந்திருந்தாள்.

நாள் குறுகிக்கொண்டிருந்ததால், "பரவால்ல, உள்ள கம்பளி வெச்சு சமாளிக்கறேன்" என்று ஜெஸி அந்த ஜோடியையே எடுத்துப் போனாள்.

அன்று சாயங்காலம் சம்பூர்ணம் என் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். சர்க்கரை கேட்பாள் என்று நினைத்தேன். எதுவும் கேட்கவில்லை.

"சொல்லிடேன்டி" என்றேன்.

"காஷிஃப் தம்பிதான் தப்பு பண்ணிட்டான்னு பாய் கத்தறாரு டீச்சர். ஆர்டர் போச்சுன்னா அவன் வேலையும் போய்டும்ன்றாரு."

"அதுக்குத்தான் சொல்றேன்."

"அவன் வேற கம்பெனிக்குப் போவான். கையில தொழில் இருக்கு. நான் இன்னாத்த எடுத்துனு போறது?" காலைப் பார்த்துக்கொண்டாள். பின்கட்டுக்குப் போய் விளக்கைப் போட்டாள். சமைக்கிற சத்தம் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நடந்ததை முனியம்மா என்னிடம் நடித்தே காட்டினாள். ஜெஸி நொண்டிக்கொண்டே வந்தாள். ஷூவைக் கழற்றினாள், உள்ளே வைத்த கம்பளியை இழுத்தாள். அது ஒட்டிக்கொண்டு வந்தது. கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்து, ரோஜா நிறத் துணியின் உள்பக்கம் கருஞ்சிவப்பாகக் காய்ந்திருந்தது. "இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. நான் ஆடாம விட்டுடறேன்னு ஸ்கூல்ல சொல்லிடட்டுமா அங்கிள்?" என்று தன்சீல் பாயைக் கேட்டாளாம். குரல் நடுங்கவில்லையாம். அதுதான் கஷ்டமாக இருந்தது என்றாள் முனியம்மா.

தன்சீல் பாய் காஷிஃப் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷ சர்வீஸ். ஒரு பொண்ணு காலுக்கு ஒரு ஷூ வரலயா உனக்கு? கையில புத்தி இருக்கா, போச்சா?"

காஷிஃப் ரத்தம் காய்ந்த ஷூவைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தான்.

சம்பூர்ணம் நாற்காலியை விட்டு எழுந்தாள். அலமாரிக்கு மேலே தூசி படிந்து கிடந்த கால் அளக்கும் இரும்புத் தட்டைத் தானே எடுத்துத் தரையில் வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள்.

"காஷிஃப், இத்த அள."

"எதுக்குக்கா?"

"அளடா."

கடைக்காரன் படிக்கல்லையே எடுத்துத் தராசில் வைத்த மாதிரி எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காஷிஃப் குனிந்தான். கட்டையைத் தள்ளி விரலுக்கு முட்டு வைத்தான். பார்த்தான். மறுபடி தள்ளிப் பார்த்தான். அகலத்தையும் பார்த்தான். எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"முப்பத்தெட்டரைக்கு மேல போவுதா?" என்று அவளே கேட்டாள்.

அவன் தலையாட்டினான்.

"எவ்ளோ நாளா சம்பூர்ணம்மா?" என்றார் தன்சீல் பாய். அவர் வாயிலிருந்து அவள் பெயர் வந்தது அன்றைக்குத்தான் முதல்முறை என்கிறாள் முனியம்மா.

"ஆச்சு பாய். அந்தத் தம்பி கையில தப்பு இல்ல. என் கால்ல எடுத்த அச்சு, அந்தப் பொண்ணுக்கு எப்டி நிக்கும்?"

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட ஒரு பேச்சாக இருந்திருக்கும். உடனே வேலை ஆரம்பித்துவிட்டது. அந்த நாற்காலியில் ஜெஸி உட்கார்ந்தாள். அவள் காலுக்குப் பாலிதீன் போட்டு டேப் சுற்றினார்கள். சம்பூர்ணம் தட்டிலிருந்து இறங்கிச் சுவரோரம் போய் நின்றாள். ஜெஸி மட்டும் ஒருமுறை நிமிர்ந்து, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள். அதற்குள் காஷிஃப், "காலை ஆட்டாதம்மா" என்றான்.

புது அச்சில் மூன்று ஜோடி செய்தார்கள். நீளம் ஒன்றே, முனையின் அகலமும் உள்தகட்டின் விறைப்பும் மட்டும் மாறும். ஜெஸி ஒவ்வொன்றாக மாட்டினாள். முதல் ஜோடி விரல்களை நெரித்தது, சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிவிட்டது. இரண்டாவது பிடித்தது, ஆனால் தகடு விறைத்துக்கொண்டு, நுனியில் நிற்கும்போது அவளைப் பின்னால் தள்ளியது. மூன்றாவதில் நின்றாள், முழங்காலை மடக்கினாள், எழும்பினாள். மேஜையிலிருந்து கையை எடுத்தாள். காஷிஃப் குதிகாலைக் கிள்ளிப் பார்த்தான்.

"உப்பு" என்றான்.

ரூமே சிரித்தது. ஜெஸி இறங்கவே இல்லை. அப்படியே சின்னச் சின்ன அடி வைத்து ஜன்னல்வரை போனாள். சம்பூர்ணம் கையைத் தட்டப் போனவள், பக்கத்தில் யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டாள் என்று முனியம்மா சொன்னாள்.

தன்சீல் பாய் நல்ல மனுஷன். வேலையை விட்டு அனுப்பவில்லை, பேக்கிங்குக்கு மாற்றினார். தயாரான ஷூவுக்குள் மெல்லிய காகிதத்தைச் சுருட்டி வைத்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். உட்கார்ந்த வேலை, சம்பளமும் குறையவில்லை. நாற்காலிக்கு சோபனா என்று ஒரு சின்னப் பெண் வந்தாள். அச்சான முப்பத்தேழு. காஷிஃப் எங்கே இடிக்கிறது என்று கேட்டால் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்கயோ இடிக்குது மாஸ்டர், நீங்களே பாருங்க" என்கிறாளாம். அதைக் கேட்டு நான் சிரித்தேன். சம்பூர்ணம் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணுக்கு அவசரம் இல்ல டீச்சர். வூட்ல கேக்கறதுக்கு ஆளுங்க இருக்காங்க" என்றாள்.

பேக்கிங்கில் மெஷின் சத்தத்தில் யாரும் பேச மாட்டார்கள். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். ஒரு மாசத்துக்குள் அவளும் பஞ்சு வைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் எடுக்க மறந்துவிடுகிறாள். நான் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அப்புறம் காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

இதற்கு நடுவில், கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை அவள் நீலச் சேலை கட்டிக்கொண்டு வேலூருக்குப் பஸ் ஏறினாள். ஜெஸி ஆடுகிற நாள். எனக்கு முழங்கால் வலி, போகவில்லை. ஆனால் நடந்தது எனக்குத் தெரியும். ஹால் நிரம்பி வழிந்தது. ஜெஸி அந்த ரோஜா நிற ஷூவில் நுனிவிரலில் எழுந்து நின்றபோது மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. ஏலகிரி மலையே விரல் நுனியில் நின்ற மாதிரி இருந்தது. ஆடி முடித்ததும் ஜெஸி மைக்கைப் பிடித்து, "இந்த ஷூ எனக்குச் சரியாக அமையக் காரணமானவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்" என்றாள். சம்பூர்ணத்தை மேடைக்கு அழைத்தாள். எலியாஸ் மாலை போட்டார். ஜெஸி எல்லோர் முன்னிலையிலும் அவள் காலைத் தொட்டாள்.

இந்த இடம்வரை எழுதியதை நேற்று சாயங்காலம் சம்பூர்ணத்துக்குப் படித்துக் காட்டினேன். என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். நாய்க் கதைக்குச் சும்மா இருந்தாள். திமிரிப் பெண் என்றதற்கும் சும்மா இருந்தாள். மாலை போட்ட இடத்தில் கையை நிறுத்தினாள்.

"அது மட்டும் வேணாம் டீச்சர். மேடைக்கு யாரும் கூப்புடல. நான் உள்ளயே போவல, எடம் இல்ல. கதவாண்ட நின்னு பாத்தேன். அந்தப் பொண்ணு ரெண்டாவது பாட்டுக்குத்தான் நுனிக்கால்ல எழுந்திருச்சா. கால் உள்ள எறங்கல. மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிது, நல்லா புடிச்சிருக்குன்னு. அத்த யார்கிட்டனா சொல்லலாம்னு திரும்பினேன். வாட்ச்மேன்தான் நின்னுனு இருந்தாரு. 'ஷூ சரியா ஒக்காந்துடுச்சு'ன்னேன். 'இன்னாம்மா?'ன்னாரு. ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு, வந்து பஸ் ஏறிட்டேன்."